வீட்டுப் பெரியவர்கள் விழாமல் இருக்க எதை முதலில் செய்வது? ஆய்வுகளை வைத்து ஓர் ஒப்பீடு

அம்மா பாத்ரூமில் வழுக்கி விழுந்துவிட்டார், நல்லவேளையாக எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆனால் அடுத்த முறை என்ன ஆகுமோ என்று பயமாக இருக்கிறது. பிசியோதெரபிஸ்டை வீட்டுக்கு வரச் சொல்வதா, பாத்ரூமை மாற்றிக் கட்டுவதா, விட்டமின் டி கொடுத்தால் போதுமா, இல்லை பெரிய டாக்டரிடம் முழுசாகப் பார்க்க வேண்டுமா? கையில் இருக்கும் பணத்துக்கும் நேரத்துக்கும் இப்போதைக்கு ஒன்றைத்தான் செய்ய முடியும் என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். இதற்கு ஓரளவு உறுதியான பதில் இருக்கிறது. முப்பது வருடமாக இதை வைத்து நூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வுகள் நடந்திருக்கின்றன. அவை எல்லாம் ஒரே மாதிரி சொல்லவில்லை என்பதுதான் சிக்கல், அதனால் எந்த ஆய்வை எவ்வளவு நம்புவது என்பதையும் சேர்த்தே பேசுகிறேன்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி வருடத்துக்கு 6 லட்சத்து 84 ஆயிரம் பேர் விழுந்து இறக்கிறார்கள், அதில் 80 சதவீதத்துக்கும் மேல் நம்மைப் போன்ற நடுத்தர, ஏழை நாடுகளில். ஆனால் கீழே நான் சொல்லப்போகும் ஆய்வுகள் பெரும்பாலும் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, இங்கிலாந்து, அமெரிக்காவில் நடந்தவை. சாவு இங்கே, ஆராய்ச்சி அங்கே. இதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

## எதை வைத்து எடைபோடுவது

யாரை வைத்து ஆராய்ந்தார்கள்? மற்ற எல்லாக் கேள்விகளையும் விட இதுதான் முக்கியம். 68 வயதில் மார்க்கெட்டுக்கு நடந்து போய் வரும் ஒருவரும், ஏற்கனவே இரண்டு முறை விழுந்த 82 வயதுக்காரரும் ஒன்றல்ல. முதலாமவர் விழும் வாய்ப்பே குறைவு என்பதால் எதைச் செய்தாலும் பலன் குறைவாகத்தான் தெரியும். உங்கள் வீட்டுப் பெரியவர் எந்தப் பக்கம் என்று தெரிந்துகொள்ள விழுவதைத் தடுப்பதற்காக 2022-இல் வந்த உலக வழிகாட்டுதல்கள் மூன்று கேள்விகளைச் சொல்கின்றன: கடந்த ஒரு வருடத்தில் விழுந்தாரா, நிற்கும்போதோ நடக்கும்போதோ தடுமாற்றம் இருக்கிறதா, விழுந்துவிடுவோமோ என்று பயப்படுகிறாரா. இன்னொரு எளிய சோதனையும் உண்டு. நாற்காலியிலிருந்து எழுந்து, மூன்று மீட்டர் வழக்கமான வேகத்தில் நடந்து, திரும்பி வந்து உட்காரச் சொல்லுங்கள். 12 விநாடி அல்லது அதற்கு மேல் ஆனால் ஆபத்து அதிகம் என்று அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் வகைப்படுத்துகிறது. சோதனையின்போது பக்கத்திலேயே நில்லுங்கள்.

எதை எண்ணினார்கள்? "விழுவது 25 சதவீதம் குறைந்தது" என்று செய்தி வந்தால், மொத்த விழுதல்களா, விழுந்த ஆட்களின் எண்ணிக்கையா, எலும்பு முறிவா என்று கேளுங்கள். மூன்றும் வேறு வேறு. ஒரே ஆள் ஆறு முறை விழுந்துகொண்டிருந்து அது மூன்றானால் மொத்த எண்ணிக்கை பாதியாகும், ஆனால் விழுந்தவர் எண்ணிக்கை மாறாது. நமக்குப் பயம் இடுப்பு எலும்பு முறிவு பற்றி, ஆய்வுகள் பெரும்பாலும் எண்ணுவது விழுதலை.

எப்படி எண்ணினார்கள்? வருடக் கடைசியில் "எத்தனை முறை விழுந்தீர்கள்" என்று கேட்டால் பாதி மறந்திருக்கும். காலண்டரில் தினமும் குறிக்கச் சொல்லி மாதாமாதம் வாங்கிய ஆய்வையே நம்பலாம்.

எத்தனை பேர் கடைசிவரை செய்தார்கள், முடிந்த பிறகு என்ன ஆனது? ஆய்வு நடக்கும்போது நர்ஸ் போன் செய்வார், சிகிச்சையாளர் வீட்டுக்கு வருவார். உங்கள் வீட்டில் அது யார்?

நம் வீட்டுக்குப் பொருந்துமா? தரையில் உட்கார்ந்து எழுவது, இந்தியன் டாய்லெட், எப்போதும் ஈரமாக இருக்கும் பாத்ரூம், புடவைத் தலைப்பு, வேட்டி, ஓட்டை விழுந்த ரப்பர் செருப்பு. இதெல்லாம் சிட்னியில் செய்த ஆய்வில் இருந்திருக்காது.

## சமநிலைப் பயிற்சி

ஆதாரம் அதிகம் இருப்பது இதற்குத்தான். 2019-இல் வந்த காக்ரேன் மறுஆய்வு (உலகெங்கும் நடந்த ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பின் தொகுப்பு) 25 நாடுகளில் நடந்த 108 ஆய்வுகளையும் 23,407 பேரையும் சேர்த்துப் பார்த்தது. உடற்பயிற்சி விழுதல்களை 23 சதவீதமும், விழுந்தவர் எண்ணிக்கையை 15 சதவீதமும் குறைத்தது. சதவீதத்தை விடுங்கள், ஆயிரம் பேரை ஒரு வருடம் பார்த்தால் எதுவும் செய்யாதவர்களிடம் சுமார் 850 விழுதல்கள், பயிற்சி செய்தவர்களிடம் அதைவிட 195 குறைவு. சமநிலைப் பயிற்சியோடு தசைப் பயிற்சியும் சேர்ந்தால் குறைவு 34 சதவீதம் வரை போகிறது.

இங்கே ஒரு பெரிய தவறான நம்பிக்கை இருக்கிறது. "அப்பா தினமும் வாக்கிங் போகிறார், அது போதாதா?" போதாது. வெறும் நடை விழுவதைக் குறைக்கிறது என்பதற்கு அதே மறுஆய்வில் உறுதியான ஆதாரம் கிடைக்கவில்லை. இதயத்துக்கும் சர்க்கரைக்கும் நடை நல்லதுதான், விட வேண்டாம். ஆனால் சைக்கிள் பழகும்போது கொஞ்சம் ஆடி ஆடித்தான் பேலன்ஸ் வருகிற மாதிரி, உடல் தடுமாறும் எல்லைக்குக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பழகினால்தான் சமநிலை வளரும். ஒரு பாதத்தின் குதிகாலை இன்னொரு பாதத்தின் விரல்களோடு ஒட்டிவைத்து நிற்பது, சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்பது, பக்கவாட்டிலும் பின்னோக்கியும் நடப்பது, கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது. நியூசிலாந்தின் ஒடாகோ திட்டம் இதைத்தான் வீட்டிலேயே, கணுக்காலில் சிறு எடை கட்டி, வாரம் மூன்று முறை அரை மணி நேரம் செய்ய வைத்தது. அதன் நான்கு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது (65 முதல் 97 வயது வரை 1016 பேர்) விழுதலும் விழுந்து அடிபடுவதும் 35 சதவீதம் குறைந்தன. 80 வயது தாண்டிய பெண்களிடமும் பலன் இருந்தது என்பதால் "இந்த வயசில் என்ன பயிற்சி" என்பதை நான் ஏற்க மாட்டேன்.

மறைமுகச் செலவு நிறைய. பலன் தெரிய மாதங்கள் ஆகும், நிறுத்தினால் போய்விடும், தொடக்கத்தில் யாராவது பக்கத்தில் நிற்க வேண்டும். அப்புறம், பிசியோதெரபி என்று போய் முட்டி வலிக்குக் கரண்ட் வைத்துக்கொண்டு, மெழுகு ஒத்தடம் கொடுத்துக்கொண்டு வருவது இந்தக் கணக்கில் வராது. வலி குறையலாம், விழுவது குறையும் என்பதற்கு மேலே சொன்ன ஆய்வுகள் எதுவும் சாட்சி இல்லை. போகும்போதே "பேலன்ஸ் பயிற்சியும் கால் தசைப் பயிற்சியும் வேண்டும், வீட்டில் செய்யச் சொல்லிக் கொடுங்கள்" என்று வாய்விட்டுக் கேளுங்கள். தமிழ்நாட்டில் இருந்தால், 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வரும் பிசியோதெரபியும் ஒரு பகுதி, உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரிக்கலாம்.

## வீட்டைத் திருத்துவது

2023-இல் வந்த காக்ரேன் மறுஆய்வு 22 ஆய்வுகளைப் பார்த்துவிட்டு, வீட்டில் இருக்கும் ஆபத்துகளைக் களைந்தால் விழுதல் மொத்தத்தில் 26 சதவீதம் குறைகிறது என்றது. அந்த 26-ஐ அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். அதைப் பிரித்துப் பார்த்தால், ஏற்கனவே விழுந்தவர்கள், தினசரி வேலைக்கே உதவி தேவைப்படுபவர்கள் போன்ற ஆபத்து அதிகமானவர்களிடம் 38 சதவீதம் குறைகிறது, மற்றவர்களிடம் பலன் இல்லை. யாரை வைத்து ஆராய்ந்தார்கள் என்ற முதல் கேள்வியை நான் ஏன் அவ்வளவு அழுத்திச் சொன்னேன் என்பது இங்கே புரியும்.

யார் வந்து பார்ப்பது என்பதில் ஆய்வுகள் முரண்படுகின்றன. இங்கிலாந்தில் ஒரு சிறு ஆய்வில் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் (அன்றாட வேலைகளைப் பாதுகாப்பாகச் செய்யப் பழக்கும் சிகிச்சையாளர்) வீட்டுக்கு வந்து பார்த்தபோது விழுதல் குறைந்தது, அதே வேலையைப் பயிற்சி பெற்ற உதவியாளர் செய்தபோது குறையவில்லை. தெரபிஸ்ட் தரையை மட்டும் பார்ப்பதில்லை, அந்த ஆள் இரவில் எப்படி எழுகிறார், எதைப் பிடிக்கிறார், எங்கே திரும்புகிறார் என்று பார்க்கிறார் என்பது ஒரு விளக்கம். சரி என்று நினைக்கும்போதே, அதே நாட்டில் 1331 பேரை வைத்து நடந்த ஓடிஸ் என்ற பெரிய ஆய்வு 2021-இல் வந்தது, அதில் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் போயும் விழுதல் குறையவில்லை, சொல்லப்போனால் கொஞ்சம் அதிகமானது. இன்னொரு பக்கம், நியூசிலாந்தின் தாரனாக்கி பகுதியில் 842 வீடுகளை எடுத்து, அதில் ஏறக்குறைய பாதி வீடுகளில் சாதாரணக் கட்டட வேலைக்காரர்களை வைத்துக் கைப்பிடி, விளக்கு, வழுக்காத பாத்ரூம் விரிப்பு, வெளிப்படிக்கு வழுக்காத பரப்பு என்று போட்டார்கள். வீட்டில் விழுந்து அடிபடுவது 26 சதவீதம் குறைந்தது. இங்கே எண்ணியது விழுதலை அல்ல, காப்பீட்டுக் கோரிக்கையாகப் பதிவான காயங்களை, அதுவும் வீட்டில் இருந்த எல்லா வயதினருக்கும். அதனால் மற்றவற்றோடு நேரடியாக ஒப்பிட முடியாது, ஆனால் காயத்தையே எண்ணியதால் எனக்கு இந்த ஆய்வின் மேல் தனி மதிப்பு உண்டு.

இதையெல்லாம் சேர்த்துப் பார்த்து நான் எடுக்கும் முடிவு: விழுந்த அனுபவம் உள்ளவருக்கு டாய்லெட், குளிக்கும் இடம், படுக்கையிலிருந்து டாய்லெட் வரை போகும் வழி, இந்த மூன்றை மட்டும் முதலில் திருத்துங்கள். சுவரில் சரியாகப் பதித்த கைப்பிடி, இரவு விளக்கு, சுருண்டுபோன கால்மிதியை எடுத்துவிடுவது, வயரை ஓரமாக ஒதுக்குவது. வீடு முழுக்க டைல்ஸ் மாற்றும் பணத்தைப் பயிற்சிக்கு வைத்துக்கொள்ளலாம்.

டவல் தொங்கவிடும் கம்பி கைப்பிடி ஆகாது, ஆள் எடையைப் போட்டால் சுவரில் அடித்த பிளக்கோடு கழன்று வந்துவிடும், அது இல்லாமலே இருப்பதை விட மோசம். கட்டட வேலை நடக்கும் வாரங்களில் மணலும் பலகையும் வழியில் கிடக்கும், அந்த நாட்களில் பெரியவர் வேறு வீட்டில் இருந்தால் நல்லது. இருபது வருடம் பழகிய இடத்தை ஒரே நாளில் மாற்றினால் இருட்டில் கை பழைய இடத்தைத்தான் தேடும், கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள்.

## மாத்திரைகளைக் குறைப்பது

செலவே இல்லாத வழி இது, நம் வீடுகளில் யாரும் யோசிக்காத வழியும் இதுதான். நியூசிலாந்தில் 1999-இல் வெளியான ஆய்வில் தூக்க மாத்திரை, மன அமைதிக்கான மாத்திரைகளைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்தியபோது விழுதல் 66 சதவீதம் குறைந்தது. பயிற்சி ஆய்வுகள் எதிலும் இவ்வளவு பெரிய எண்ணை நான் மேலே சொல்லவில்லை. ஆனால் மொத்தமே 93 பேர்தான், ஆய்வு முடிந்த ஒரு மாதத்துக்குள் மாத்திரையை விட்டவர்களில் 47 சதவீதம் பேர் திரும்ப ஆரம்பித்துவிட்டார்கள். பலன் பெரிது, நீடிக்க வைப்பது கஷ்டம்.

தூக்க மாத்திரை மட்டும் இல்லை. பிரஷர் மாத்திரை, புராஸ்டேட்டுக்குக் கொடுக்கும் டாம்சுலோசின், சர்க்கரையை அதிகமாக இறக்கிவிடும் மாத்திரைகள், எல்லாமே எழுந்து நிற்கும்போது தலைசுற்றலையோ தளர்ச்சியையோ தரலாம். படுத்திருக்கும்போது ஒரு முறை, எழுந்து நின்ற மூன்று நிமிடத்துக்குள் இன்னொரு முறை பிரஷர் பார்க்கச் சொல்லுங்கள், மேல் எண் 20 அல்லது அதற்கு மேல் இறங்கினால் டாக்டரிடம் காட்டுங்கள். இதய டாக்டர் ஒன்று, சர்க்கரை டாக்டர் ஒன்று, சிறுநீரக டாக்டர் ஒன்று என்று எழுதிய எல்லாச் சீட்டுகளையும் ஒரே பையில் போட்டு ஒரே டாக்டரிடம் கொண்டுபோங்கள். நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம், தூக்க மாத்திரையைத் திடீரென்று நிறுத்துவது வலிப்பு வரை கொண்டுபோகலாம்.

## கண்

புரை இருந்தால் இந்த வழி மேலே ஏறிவிடும். இங்கிலாந்தில் 70 வயது தாண்டிய 306 பெண்களை வைத்து நடந்த ஆய்வில், முதல் கண்ணுக்குப் புரை அறுவை சிகிச்சையைச் சீக்கிரம் செய்துகொண்டவர்கள், காத்திருந்தவர்களை விட 34 சதவீதம் குறைவாக விழுந்தார்கள். இங்கே ஓரளவு குறைந்த செலவிலும், அரவிந்த் போன்ற மருத்துவமனைகளில் இலவசமாகவும் செய்துகொள்ள முடிவதால், புரை முற்றட்டும் என்று வருடக்கணக்கில் தள்ளிப்போடுவதற்குக் காரணமே இல்லை.

கண்ணாடி விஷயம் வேறு. சிட்னியில் 616 பேரை வைத்துச் செய்த ஆய்வில் கண் பரிசோதனை செய்து புதுக் கண்ணாடி கொடுத்தபோது விழுவது கூடியது. திடீரென்று பவர் அதிகம் மாறினால் படியின் உயரம் தவறாகத் தெரியும் என்பது ஆய்வாளர்கள் சொன்ன ஒரு காரணம். புதுக் கண்ணாடி போட்ட முதல் சில வாரங்கள் படியில் கூடவே இருங்கள்.

## விட்டமின் டி

விழாமல் இருப்பதற்காக மட்டும் என்றால் வேண்டாம். ஆஸ்திரேலியாவில் 2256 பெண்களில் பாதிப் பேருக்கு வருடம் ஒருமுறை 5 லட்சம் யூனிட் கொடுத்த ஆய்வு 2010-இல் வந்தது, விழுவது 15 சதவீதமும் எலும்பு முறிவு 26 சதவீதமும் அதிகமாயின. ஆமாம், அதிகமாயின. அமெரிக்காவில் 25,871 பேரை வைத்து நடந்த வைட்டல் ஆய்வில் தினமும் 2000 யூனிட் எடுத்தும் எலும்பு முறிவு குறையவில்லை. ரத்தத்தில் குறைபாடு இருக்கிறது என்று டாக்டர் எழுதிக் கொடுத்தால் எலும்புக்காக எடுங்கள், அது வேறு கதை. ஆனால் கடையில் வாங்கிப் போட்டுவிட்டு விழுதலுக்கு மருந்து கொடுத்தாகிவிட்டது என்று நிம்மதியாக இருப்பதுதான் இதன் மறைமுகச் செலவு.

## எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கும் முழுப் பரிசோதனை

டாக்டரோ நர்ஸோ கண், கால், பிரஷர், மாத்திரை, வீடு எல்லாம் பார்த்து ஆளுக்கு ஏற்ற திட்டம் போடுவது. கேட்க மிகச் சரியாக இருக்கிறது. ஆனால் 2020-இல் வந்த இரண்டு பெரிய ஆய்வுகள் ஏமாற்றின. அமெரிக்காவின் ஸ்ட்ரைட் ஆய்வில் 5451 பேர், நர்ஸ் மூலம் முழுத் திட்டம், கடுமையான காயம் 8 சதவீதம்தான் குறைந்தது, அதுவும் தற்செயலாக இருக்கலாம் என்ற அளவில். இங்கிலாந்தின் ப்ரீஃபிட் ஆய்வில் 9803 பேர், பயிற்சியோ முழுப் பரிசோதனையோ, தபாலில் அறிவுரை அனுப்பியதை விட எலும்பு முறிவைக் குறைக்கவில்லை.

அப்படியானால் பயிற்சியும் வீண்தானா? இல்லை. ப்ரீஃபிட்டில் பயிற்சிக் குழுவுக்கும் பரிசோதனைக் குழுவுக்கும் கேள்வித்தாள் அனுப்பி, அதில் ஆபத்து தெரிந்தவர்களை மட்டும் சிகிச்சைக்கு அழைத்தார்கள், ஆனால் முடிவைக் கணக்கிட்டது மொத்தப் பேருக்கும். பலன் நீர்த்துப்போகும். அதோடு எண்ணியது எலும்பு முறிவை, அது விழுதலை விட மிக அரிது. ஊர் முழுக்கக் கடிதம் அனுப்பி அழைப்பது பயன்படுமா என்பதற்கு ப்ரீஃபிட் பதில் சொல்கிறது, உங்கள் அம்மா பயிற்சி செய்தால் பயன்படுமா என்பதற்கு அல்ல. முழுப் பரிசோதனை யாருக்கு என்றால், திரும்பத் திரும்ப விழுபவர், மயங்கி விழுபவர், ஏன் விழுந்தார் என்று அவருக்கே தெரியாதவர். இவர்களுக்கு மற்ற எதையும் விட இதுதான் முதலில்.

## ஒரே பார்வையில்

| வழி | ஆதாரத்தின் பலம் | யாருக்கு அதிகப் பலன் | மறைமுகச் செலவு |
|---|---|---|---|
| சமநிலை, தசைப் பயிற்சி | மிக உறுதி | நிற்க, நடக்க முடிகிற எல்லோருக்கும் | மாதக்கணக்கில் தொடர வேண்டும், கூட ஆள் வேண்டும் |
| வீட்டைத் திருத்துவது | ஓரளவு உறுதி, முரணும் உண்டு | ஏற்கனவே விழுந்தவர் | வேலை நடக்கும்போது ஆபத்து, பழக்கம் மாறுவது |
| மாத்திரை குறைப்பது | சிறிய ஆய்வு, பெரிய பலன் | தூக்க மாத்திரை எடுப்பவர், எழும்போது தலைசுற்றுபவர் | திரும்ப ஆரம்பிப்பது, திடீர் நிறுத்தத்தின் ஆபத்து |
| புரை அறுவை சிகிச்சை | நல்ல ஆதாரம் | புரை உள்ளவர் | பிறகு கண்ணாடி பழகும் காலம் |
| விட்டமின் டி | பலன் இல்லை, அதிக டோஸ் கேடு | குறைபாடு உள்ளவர், எலும்புக்காக மட்டும் | பொய்யான நிம்மதி |
| முழுப் பரிசோதனை | கலவையான முடிவு | மயங்கி விழுபவர், பல முறை விழுந்தவர் | சொன்னதைச் செய்து முடிக்க யாரும் இல்லாமல் போவது |

## சரி, எதைத் தேர்ந்தெடுப்பது

இன்னும் விழாதவர், 12 விநாடிக்குள் நடந்து வருகிறார்: பயிற்சி மட்டும் போதும், வீட்டுக்குப் பெரிய செலவு வேண்டாம். ஒரு முறை விழுந்தவர்: இந்த வாரமே மாத்திரைப் பையை டாக்டரிடம் கொண்டுபோங்கள், இரவு விளக்கும் கைப்பிடியும் போடுங்கள், பிறகு பயிற்சி. மூன்றுக்கும் பணம் போதாது என்றால் கைப்பிடியோடு நிறுத்திவிடாதீர்கள், ஏனென்றால் கைப்பிடி ஒரு இடத்தில் மட்டும்தான் காப்பாற்றும், கால் பலம் பஸ் படியிலும் கோயில் பிராகாரத்திலும் கூடவே வரும். மயங்கி விழுந்தவர், தலையில் அடிபட்டவர், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுக்கும்போது விழுந்தவர்: ஒப்பீடெல்லாம் பிறகு, உடனே மருத்துவமனை.

பக்கவாதம், பார்க்கின்சன் போன்ற நோய் உள்ளவர்களுக்கென்று தனியாகச் செய்த ஆய்வுகளை அந்தப் பயிற்சி மறுஆய்வு சேர்க்கவில்லை, அதனால் 23 சதவீதம் என்ற எண்ணை அவர்களுக்குப் பொருத்தாதீர்கள். மறதி நோய் உள்ளவரும் சொல்லிக்கொடுத்ததைத் தானாக நினைவில் வைத்துச் செய்ய முடியாது. இவர்களுக்கு வீட்டில் தனியாகச் செய்யும் பயிற்சி வேண்டாம், பிசியோதெரபிஸ்டோ பழகிய ஆளோ பக்கத்தில் இருக்கும்போது மட்டும்.

எதற்கும் ஒத்துக்கொள்ளாத பெரியவர்களைப் பற்றியும் கேட்கிறார்கள். "விழுந்துடுவீங்க" என்று சொல்லித் தொடங்காதீர்கள். இந்த அறிவுரையெல்லாம் தன்னைவிட வயசானவர்களுக்கு என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள், இங்கிலாந்தில் முதியவர்களிடம் பேசிச் செய்த ஆய்வுகளிலும் இதுதான் வந்தது, ஆபத்தைச் சொல்லிப் பயமுறுத்துவதை விட தன் காலில் தனியாக நடமாட முடியும் என்பதைச் சொன்னால்தான் கேட்டார்கள். யார் துணையும் இல்லாமல் மாடிக்குப் போய்த் துணி எடுத்துவர ஆசைப்படும் அம்மாவிடம், அதற்காகவே பத்து நிமிடம் சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு நிற்கச் சொல்லுங்கள், நீங்களும் கூட நின்று செய்யுங்கள்.